எந்த மிஷினில் தமிழ்

கல் வெட்டுகிற கம்பெனி ஆபீஸில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்டால், வெடி வைக்கிற நேரத்தை எழுதிப் போட என்று சொல்வார்கள். லாரிக் கணக்கு இங்கிலீஷ், டீசல் கணக்கு இங்கிலீஷ், சிமென்ட் ஆலைக்குப் போகிற கடிதம் இங்கிலீஷ். அடிபட்டுச் சாகக்கூடிய ஆட்களுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும் என்பதால், வாசலில் தொங்கிய ஒரே ஒரு அறிவிப்பு மட்டும் தமிழில் இருந்தது. "இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வெடி. சங்கு ஊதியதும் வெளியேறவும்." தினமும் காலையில் அதை அடித்து ஒட்டுபவள் சிவரஞ்சனி.

அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் பள்ளத்தை ஒட்டி இருந்தது அந்த ஆபீஸ். தகரக் கூரை, நான்கு கம்ப்யூட்டர், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புழுதி. சிவரஞ்சனி ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்துப் பெண். டவுனில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்தவள், மற்றதைத் தானாகக் கிளறிக் கிளறிக் கற்றுக்கொண்டாள். இது நடந்தது 2005இல். அப்போது அவள் வீட்டில் சம்பளம் என்று வாங்குகிற ஒரே ஆள் அவள்தான்.

ஆபீஸில் அவள் பெயர் வாங்கியது ஒரு சின்ன ஸ்கிரிப்டால். எல்லா மிஷினிலும் ஸ்கிரீனின் வலது கீழ் மூலையில் ஒரு நீலப் பெட்டி இருக்கும். EN என்று காட்டினால் கீபோர்டு இங்கிலீஷில் இருக்கிறது, TA என்றால் தமிழில். மாற்றுவதற்கு இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். எடை மேடையில் உட்காரும் முத்துவேலுக்கு அந்தப் பெட்டியோடு தீராத பகை. யாராவது தமிழில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவன் பார்க்காமல் லாரி நம்பரை அடிப்பான். எந்த ஊர் பாஷையிலும் சேராத ஒன்று ஸ்கிரீனில் வந்து நிற்கும். வெளியே வரிசையாக லாரிகள் ஹாரன் அடிக்கும். "சிவா, இது திரும்பவும் மந்திரம் ஓதுது, வந்து பாரேன்" என்று கூப்பிடுவான்.

தொல்லை தாங்காமல் அவள் அந்த ஸ்கிரிப்டை எழுதினாள். எந்த ஃபைல் திறந்திருக்கிறது, கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று அது நொடிக்கொரு தரம் பார்க்கும். லாரிக் கணக்கைத் திறந்தால் தானே EN ஆகும். 'தமிழ்' என்று பெயர் வைத்த ஃபோல்டரிலிருந்து எதைத் திறந்தாலும் தானே TA ஆகும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். சாவிகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஆபீஸில் தமிழ் பெருகிப்போயிற்று. லீவு லெட்டர், கிடாவெட்டு அழைப்பு, குலதெய்வம் கோயில் நோட்டீஸ் என்று ஆளாளுக்கு ஒற்றை விரலால் தட்டினார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளத்தில் பாறைக்குத் துளை போடுகிற செல்லதுரையும் அப்படித்தான் ஒரு நாள் காலையில் வந்து நின்றார். மகளுக்குக் காது குத்தப் போகிறார்களாம், பத்திரிகை அடிக்க வேண்டுமாம். தாய்மாமன் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். அவரிடம் வெற்றிலை வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்.

அன்று பகல் வெடியில் ஒரு குழி வெடிக்காமல் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்று பார்த்துவரச் சொல்லி மேஸ்திரி அவரை அனுப்பினார். போய்க் குனிந்தபோது வெடித்தது. சாயங்காலத்துக்குள் கம்பெனி வேறு கதை சொன்னது. செல்லதுரை அன்று வேலைக்கே வரவில்லை. குடித்துவிட்டு, காணாமல் போன ஆட்டைத் தேடிக்கொண்டு, தடை செய்த இடத்துக்குள் நுழைந்துவிட்டார். இதுதான் கதை. செல்லதுரையிடம் ஆடு கிடையாது. கோழிகூடக் கிடையாது. அடித்து வைத்த பத்திரிகை சிவரஞ்சனியின் தமிழ் ஃபோல்டரிலேயே கிடந்தது.

அவர் மனைவி கொளஞ்சிக்கு ஆபீஸ் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். மனிதாபிமானம் என்று மானேஜர் அமிர்தலிங்கம் அதற்குப் பெயர் வைத்தார். வாயடைக்கக் கொடுத்ததற்கு அவரைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு பெயர் வைத்திருக்க முடியாது. புருஷன் செத்த பள்ளத்திலிருந்து பறந்து வரும் புழுதியைக் கொளஞ்சி தினமும் இரண்டு வேளை கூட்டித் தள்ளினாள். சிவரஞ்சனியால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கோபம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பத்து நாள் அப்படியே சோற்று டப்பாவை மூடிக்கொண்டு போனாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

மானேஜரும் கணக்கரும் சாப்பிடப் போகிற ஒரு மணிக்கு அடிப்பாள். ஒரே ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, ஜெயங்கொண்டத்தில் ஜெராக்ஸ் போடுவாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, ஆபீஸுக்குத் திரும்புகிற இடத்தில் உள்ள நிழற்குடைச் சுவரில் ஒட்டுவாள். பசைக்கு மதியச் சோற்றிலிருந்து இரண்டு பருக்கை. "செல்லதுரை வேலையில் இருந்தபோதுதான் இறந்தார். மேஸ்திரி அனுப்பித்தான் போனார். பார்த்தவர்கள் வாய் திறக்க வேண்டும்." அவ்வளவுதான். கீழே பெயர் இல்லை.

லாரி டிரைவர்கள் படித்தார்கள். டீக்கடையில் பேசினார்கள். யாரோ மேலே மனுப் போட்டார்கள். விசாரணைக்கு ஒரு அதிகாரி வெள்ளிக்கிழமை வரப்போகிறார் என்று கம்பெனிக்குக் கடிதம் வந்தது. அந்தத் தேதியை ஆபீஸுக்கு வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்று அமிர்தலிங்கம் உத்தரவு போட்டார்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் அவர் சிவரஞ்சனியைக் கூப்பிட்டார். சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர் இல்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள். மேசையில் கிழித்தெடுத்த நோட்டீஸ் ஒன்று கிடந்தது.

"இந்த எழுத்தப் பாத்தியாம்மா? டவுன்ல டிடிபி கடைக்காரன் எவன்கிட்டயும் இந்த எழுத்து இல்ல. விசாரிச்சுட்டேன். நம்ம வெடி போர்டுல இருக்கற அதே எழுத்து. நம்ம ஆபீஸ்லதான் எவனோ அடிக்கறான்."

"தெரியலீங்க சார்."

"உன்னோட புரோகிராமுக்குத் தெரியுமில்ல. எந்த மிஷின் தமிழ்ல இருக்குன்னு அதுதான பாத்துக்கிட்டே இருக்கு. பாக்கறத எழுதி வைக்கச் சொல்லு. எந்த மிஷின், எத்தன மணிக்கு. அது போதும், மத்தத நான் கேட்டுக்கறேன்."

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது முடியும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. சொல்லப்போனால் இரண்டு வரி வேலை. தொல்லை தீர்க்க எழுதிய ஒன்று, மொழி மாறுகிற ஒவ்வொரு தடவையும் மானேஜர் மிஷினில் போய்க் கோள் சொல்கிற ஒன்றாக மாறுவதற்கு இரண்டே வரி போதும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்றாவதாக ஒரு வரியையும் அவள் சேர்த்தாள். தன் மிஷினில் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை என்ன மொழி ஓடினாலும் எழுதாதே.

எழுதுவதை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் நினைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை அதிகாரி வருவது பள்ளத்து ஆட்களுக்குத் தெரியவில்லை என்றால், கம்பெனி சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவர் காரில் ஏறிப் போய்விடுவார். செல்லதுரை ஆடு தேடி வந்த குடிகாரராகவே முடிந்துபோவார். கடைசியாக ஒன்று அடித்துத்தான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அடித்தாள். முன்கூட்டியே ஒட்டினால் கிழித்துவிடுவார்கள் என்று வியாழக்கிழமை வரை பையிலேயே வைத்திருந்தாள்.

புதன்கிழமை அதே நேரத்தில் அமிர்தலிங்கம் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். சாப்பிடக்கூடப் போகவில்லை. அவர் மகள் பிரவீணாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பிரஸ்ஸுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டுமாம். நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று உறவுக்காரர்களின் பெயரை முன்னும் பின்னும் மாற்றச் சொன்னார். மாமனார் பெயருக்குக் கீழே தம்பி பெயர் வந்தால் தம்பிக்கு வருத்தம், மேலே வந்தால் மாமனாருக்கு வருத்தம். அவள் பொறுமையாக மாற்றி மாற்றி அடித்தாள். முடிந்ததும், "நல்லா இருக்கும்மா" என்றார். மகள் விஷயத்தில் அவர் நல்ல அப்பா.

வியாழக்கிழமை காலையில் நிழற்குடைச் சுவரில் கடைசி நோட்டீஸ் இருந்தது. "செல்லதுரை சாவை விசாரிக்க நாளை அதிகாரி வருகிறார். பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்." முன்பு போலவே கொளஞ்சியைத் தண்ணீரும் துடைப்பமும் கொடுத்து அனுப்பிச் சுரண்டச் சொன்னார்கள். அதற்குள் இரண்டு லோடு ஆட்கள் படித்துவிட்டிருந்தார்கள்.

முதலில் முத்துவேலைக் கூப்பிட்டார்கள். அவன் மிஷினில்தான் தமிழ் ஏகத்துக்கு ஓடியிருந்தது. சித்தப்பா இறந்த முப்பதாம் நாளுக்கு அவன் சொந்தமாகக் கண்ணீர் அஞ்சலிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தான். "விண்ணுலகம் சென்ற எங்கள் விளக்கே" என்று தொடங்கி நான்கு நாளாக இரண்டாவது வரி வராமல் உட்கார்ந்திருந்த கவிதை. அதை அமிர்தலிங்கம் முன்னால் அவன் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது. "வேலையே போயிருக்கும் சிவா. எந்தப் பாவி அடிக்கறான்னு தெரியல" என்றான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். மானேஜர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். மிஷின் பெயர், நாள், நேரம், TA. அவள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது.

"ஏம்மா, நேத்து எம் பொண்ணு பத்திரிகைய எத்தன மணிக்கு அடிச்ச?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் உன் பின்னாடியே நின்னேன். டப்பாகூடத் திறக்கல. ஒன்னே காலு இருக்கும். அந்த மூலையில TAன்னு இருந்தத என் கண்ணால பாத்தேன். இதுல புதன்கிழமை ஒரு மணிக்கு ஒன்னுமே இல்ல. செவ்வாய்க்கிழமையும் இல்ல. காலைல வெடி போர்டு அடிச்சது இருக்கு, மத்தியானம் மட்டும் உன் மிஷினு செத்துப்போச்சா?"

அவள் ஸ்கிரீனின் மூலையைப் பார்த்தாள்.

"அந்த வரிய எடுத்துடு" என்றார். "எந்த வரின்னு நான் கேக்கல. உனக்கே தெரியும்."

அங்கேயே நின்றுகொண்டு அவள் அந்த வரியை அழித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கம்பெனி வக்கீல் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. கொளஞ்சி சொல்வதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். என் கணவர் அன்று வேலைக்குச் செல்லவில்லை. குடிபோதையில் இருந்தார். காணாமல் போன எங்கள் ஆட்டைத் தேடிச் சென்று தவறி இறந்தார். கம்பெனி மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

"நாளைக்கு அவரு வர்றப்ப இது தமிழ்ல இருக்கணும். அந்தப் பொம்பள ரேகை வைக்கும். நீ அடிச்சுக் குடு. இந்த நோட்டீஸ் விஷயத்த நானும் மறந்துடறேன், நீயும் மறந்துடு."

"நான் அடிக்க மாட்டேன் சார்."

சொல்லிவிட்டாள். சொன்னதும் ஒரு நிம்மதிகூட வந்தது. வேலை போகும், போகட்டும், நாளைக்கு அதிகாரியிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று மனசு வேகமாக ஓடியது.

அமிர்தலிங்கம் கோபப்படவில்லை. "சரி, முத்துவேல் அடிப்பான். உன் புண்ணியத்துல இப்ப எல்லா மிஷினும் தானே தமிழாயிடுதே. ஒத்த வெரல்ல அடிச்சாலும் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருவான். நீ போய் அதிகாரிகிட்ட என்ன சொன்னாலும், பொண்டாட்டியே இப்படிச் சொல்றா, நீ யாரும்மான்னு கேப்பாங்க." வெளியே பார்த்து, "கொளஞ்சி, உள்ள வா" என்றார்.

கொளஞ்சி துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு வந்தாள். அவர் முத்துவேலைத் தேடி எடை மேடைக்குப் போனார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள்.

"அக்கா, ரேகை வைக்காதீங்க" என்றாள் சிவரஞ்சனி. "நாளைக்கு நான் உங்க கூட வந்து நிக்கிறேன். நோட்டீஸ் அடிச்சது நான்தான்."

"தெரியும் பாப்பா. சோத்துப் பருக்கையில ஒட்டியிருந்துச்சு. காலங்காத்தால சோத்து டப்பாவத் தொறக்கற ஆளு இங்க நீ ஒருத்திதான்." கொளஞ்சியின் விரல் நகத்தில் இன்னும் காய்ந்த சோறு ஒட்டியிருந்தது. "அவரு பேரு போட்டிருந்ததால ஒவ்வொன்னயும் பாத்துப் பாத்துத்தான் சுரண்டுனேன். பேரு மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்."

"அப்ப ரேகை ஏன்க்கா வைக்கணும்?"

"எழுதச் சொல்லி நான் கேட்டனா உன்ன?"

கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சிவரஞ்சனியும் கொளஞ்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நியாயம் தன் பக்கம் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

"யாரு வந்து சாட்சி சொல்லப் போறா?" என்றாள் கொளஞ்சி. "நேத்து ராவு நாலு வூட்டுக்குப் போயிட்டு வந்தேன். கூட நின்னவங்கதான் எல்லாம். கதவத் தொறந்து தண்ணி குடுத்தாங்க, பேச்சு குடுக்கல. நான் மறுத்தா இந்த வேலயும் இல்ல. ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எந்தக் காட்டுக்கு முந்திரி பொறுக்கப் போறது?" சற்று நேரம் தாளைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. "குடிச்சிருந்தாருன்னு போட்டிருக்காமே. மேஸ்திரி சொன்னான். அது மட்டும் வேணாம். அவரு பண்டிகைக்குக்கூடத் தொட்டதில்ல. ஆடு தேடி வந்தாருன்னு போட்டுக்கட்டும். ஆடு தேடறதுல ஒன்னும் கேவலம் இல்ல. நாளைக்கு எம் மவ படிச்சுட்டு வந்து இதப் பாத்தா, அப்பன் குடிகாரன்னு இருக்கக்கூடாது."

"முத்துவேல் அண்ணன்கிட்ட சொல்லலாம்க்கா."

"அவன் சார் குடுத்தத அப்படியே அடிப்பான். நீ அடிச்சா எடுத்துருவ." அவள் சிவரஞ்சனியின் கையைப் பிடித்தாள். சுண்ணாம்பு பட்டுப் பட்டு அந்தக் கை சொரசொரத்துப் போயிருந்தது. "எனக்கு இது ஒன்னு செஞ்சு குடு பாப்பா. இதத்தான் நான் உன்னக் கேக்கறேன்."

நியாயமெல்லாம் சிவரஞ்சனிக்கு அந்த ஒரு பிடியில் கழன்று விழுந்தது. மறுத்துவிட்டுப் போனால் அவள் கை சுத்தமாக இருக்கும். செல்லதுரை குடிகாரராக இருப்பார். அமிர்தலிங்கம் முத்துவேலோடு உள்ளே வந்தபோது, "நான் அடிக்கிறேன் சார். குடிச்சிருந்தாருங்கறத எடுத்துடணும்" என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எடுத்துக்க. ஆடு இருந்தாப் போதும்."

அவள் தன் மிஷினில் உட்கார்ந்து தமிழ் ஃபோல்டரைத் திறந்தாள். காதணி விழாப் பத்திரிகைக்குக் கீழே ஒரு புது ஃபைல். அவள் எதையும் அழுத்தவில்லை. மூலைப் பெட்டி தானே TA ஆனது. கொளஞ்சி பக்கத்தில் நிற்க, அமிர்தலிங்கம் பின்னால் நிற்க, அவள் வரி வரியாக அடித்தாள். ஆடு வந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார்.

"வெறும் ஆடுன்னு இருந்தா அவரு கேள்வி கேப்பாரு. என்ன நிறம்னு போட்டுடு. அப்பதான் நெசமா இருக்கும்."

சிவரஞ்சனியின் விரல்கள் சாவிகளின் மேல் நின்றன. அவளுக்கு எந்த நிறமும் தோன்றவில்லை. பள்ளத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

"செவல" என்றாள் கொளஞ்சி. ஸ்கிரீனைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு காது மட்டும் வெள்ள. பொட்டக் குட்டி. எம் மவ அதுக்கு ராணின்னு பேரு வச்சிருந்தா."

சிவரஞ்சனி அதை அப்படியே அடித்தாள். பிரிண்ட் எடுத்ததும் கொளஞ்சி இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி, சிவரஞ்சனி காட்டிய இடத்தில் வைத்தாள். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்துப் போனாள். அமிர்தலிங்கம் தன் மேசைக்குப் போய் ஸ்கிரீனைப் பார்த்துத் தலையாட்டினார். சிவரஞ்சனியின் மிஷின் பெயரும் நேரமும் அதில் சரியாகப் பதிவாகியிருந்தன.